அண்ணி அடித்த வெட்டுக்கத்தி

எங்கள் அண்ணி வார நாட்களில் பல் செய்வார், ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி அடிப்பார். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பல் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாயின் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் மாதிரி செய்து, பல்செட் வார்த்துக் கொடுக்கும் ஒரு கூடத்தில் வெகுகாலமாக வேலை. அரிசி அளவு பல்லை ஊசி போன்ற அரத்தால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக் குனிந்து கிடக்கிற மனுஷிக்கு, வாரத்தில் ஒரு நாளாவது கையை ஓங்கி எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்திருக்கிறது. அடிப்பதற்குத்தான் என் அண்ணன் இருக்கிறானே என்றேன். அண்ணி இரும்பைத் தேர்ந்தெடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம்தான் பட்டறை. லாரியிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பிரேக் டிரம்மில் கரி நிரப்பினால் அது உலை. கையளவு தண்டவாளத் துண்டு ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அதன் மேல் வைத்துத்தான் அடி. உலைக்குக் காற்று என்னுடைய ஹேர் டிரையரிலிருந்து வந்தது. கேட்டு எடுத்தாரா என்றால், கேட்டார். எடுத்த பிறகு கேட்டார். அன்றிலிருந்து நான் தலையை வெயிலில்தான் காய வைக்கிறேன்.

ஆரம்பத்தில் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் கத்திகள். ஒன்று வெங்காயம் நறுக்கும், ஒன்று வெண்ணெய் தடவும், ஒன்று எதற்கென்று அண்ணிக்கே தெரியாது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறவர், சுவர் மேலாக எட்டிப் பார்த்து, “ஏம்மா, பல்லுல இவ்வளவு சத்தம் வருமா?” என்று கேட்டார். அடுத்த வாரம் அண்ணி அவருக்கு ஒரு பழக்கத்தி கொடுத்தார். அதற்குப் பிறகு டிரைவருக்கு அந்தச் சத்தத்திலும் தூக்கம் வந்தது.

இனி என் அண்ணன். பெரிய தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் அவன் வெட்டுக்கட்டை ஆள். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடம். சூப்புக்கான எலும்பு, கறி, பூசணி, முட்டைகோஸ், எது வந்தாலும் அவனுடைய கட்டையில் ஏறி இறங்கித்தான் அடுப்புக்குப் போகும். வேறு எதிலும் அவனுக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது, நான் தங்கை, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கட்டைக்கு முன்னால் நின்றால் ஆளே வேறு. முதுகு நிமிரும், வாய் தானாகப் பாடும். போன வருடம் பல்பு மாற்றுகிறேன் என்று நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டோடும் சேர்ந்து கீழே வந்தான். வலது முழங்கை உடைந்தது.

கட்டுப் பிரித்த அன்று டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்து, “எல்லாம் சரியாயிடுச்சாம்” என்றான். ஆனால் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது நாளே வெட்டும்போது கத்தி கைநழுவித் தரையில் விழுந்தது. நல்ல வேளை, யார் காலிலும் விழவில்லை. மேனேஜர் அவனைச் சாப்பாடு பரிமாறும் மேசைக்கு மாற்றினார். “மாசக் கடைசி வரைக்கும் பார்க்குறேன். அதுக்குள்ள சரியா வெட்டிக் காட்டிட்டா கட்டை உனக்கு. இல்லைன்னா இப்ப நிக்கிற ஆளையே நிரந்தரமாப் போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து, கரண்டி பிடிப்பதும் ஒரு பிழைப்பா என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அண்ணி கேட்டார், “ஏங்க, கை வலிக்குதா?”

“கை நல்லாத்தான் இருக்கு. கத்திதான் சரியில்ல. கேன்டீன் கத்தி ஒரே கனம், பிடி வழவழன்னு இருக்கு.”

வேறு யாராவது மனைவியாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பார். எங்கள் அண்ணிக்குக் கத்தி சரியில்லை என்ற சொல் காதில் விழுந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. “அவ்வளவுதானே? நான் செஞ்சு தர்றேன்” என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் பெரிய வெட்டுக்கத்தி வேலை தொடங்கியது. லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வந்தது. அதைச் சிவக்கக் காய்ச்சி அடிப்பது சின்னக் கத்தி அடிப்பதைப் போல இல்லை. ஒரு பக்கம் அடித்தால் மறு பக்கம் வளைகிறது, வளைவை நிமிர்த்துவதற்குள் ஆறிவிடுகிறது, மறுபடி உலை. அண்ணி ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். இரும்பு போதுமான அளவு சூடேறினால் காந்தம் ஒட்டாது. ஒட்டாமல் நழுவினால் உடனே எண்ணெயில் முக்க வேண்டும், அப்போதுதான் கூர் நிற்கும். முதல் கத்தியை முக்கியபோது எண்ணெய்க்குள்ளிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் அலகின் குறுக்கே மயிரிழை விரிசல். நான் ஐயோ என்றேன். அண்ணி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சொத்தை” என்று ஓரமாகப் போட்டார்.

இரண்டாவது தப்பித்தது. சாப்பாட்டுத் தட்டு நீளம், உள்ளங்கையைவிட அகலம், முதுகு தடிமன், வாய் மெலிசு. அதைச் சமையலறை ஓவனில் வைத்து இளம் மஞ்சள் நிறம் வரும்வரை பதப்படுத்தினார். ஓவனில் எண்ணெய் வாடை ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரம் சுட்ட ரொட்டியை நாங்கள் தின்றோம், அதை விட்டுவிடுகிறேன்.

பிடி போடுகிற இடத்தில்தான் அண்ணி தொழில் புத்தியைக் காட்டினார். மற்றவர்கள் மரத்துண்டு இரண்டை ஆணி அடித்து விடுவார்கள். அண்ணி அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிடிக்குள் போகிற கத்தி வாலைச் சுற்றி இளஞ்சூட்டில் மெழுகை அப்பி, “நல்லா இறுக்கிப் பிடிங்க, அசையக் கூடாது” என்றார். வாய்க்கு அச்சு எடுப்பதுபோலக் கைக்கு அச்சு. அண்ணன் வலது கையால் பிடித்து, இடது கையால் அந்த விரல்களையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு மெழுகு ஆறும்வரை சிலைபோல் உட்கார்ந்திருந்தான். அடேயப்பா, என்ன ஒத்துழைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அச்சில் பல்செட் ஈறு செய்கிற பிசினை வார்த்தார். அது ஈறு நிறத்தில்தானே இருக்கும்? எலும்பு வெட்டுகிற கத்திக்கு ரோஜா நிறப் பிடி. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம், ரேகை முதற்கொண்டு தெரிந்தது. கத்தி சிரிப்பதுபோல இருக்கிறது என்றேன். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனைக்குப் பெரிய பூசணிக்காய் ஒன்று வாங்கி வந்தோம். அண்ணன் கத்தியை எடுத்தான். முதல் போடு, பூசணி இரண்டு. அடுத்த போடு, நான்கு. “அருமை!” என்றான். இன்னும் இரண்டு வெட்டு. “அருமையான கத்தி!” நெற்றியில் வேர்த்திருந்தது. “அருமைம்மா, அருமை” என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான்.

எனக்குச் சந்தோஷம். அண்ணி முகத்தைப் பார்த்தால் சுண்டிப் போயிருந்தது.

“எங்க குத்துது?” என்றார்.

“எங்கயும் குத்தலையே.”

“புதுப் பல்லு மாட்டினவங்க இப்படித்தான் அருமை அருமைம்பாங்க. வீட்டுக்குப் போனதும் கழட்டி டம்ளர்ல போட்டுடுவாங்க. உண்மையிலேயே பொருந்தினவங்க, இங்க கொஞ்சம் இடிக்குது, அங்க கொஞ்சம் உரசுதுன்னு சண்டைக்கு வருவாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “உன் லிப்ஸ்டிக்கக் கொண்டா” என்றார்.

ஹேர் டிரையர் போனது போதாதென்று இது வேறு. கொண்டுவந்து கொடுத்தேன். பல்செட் எங்கே இடிக்கிறது என்று பார்க்க அவர்கள் வண்ணத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்வார்களாம். இடிக்கிற இடத்தில் வண்ணம் ஒட்டும். இங்கே அண்ணனுடைய உள்ளங்கை, ஐந்து விரல், எல்லாவற்றிலும் என் புது லிப்ஸ்டிக்கை அண்ணி ஒரு இடம் விடாமல் தேய்த்தார். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டே இருந்தான். கூச்சம் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “வெட்டுங்க” என்றார் அண்ணி. வெட்டினான். கத்தியை வாங்கிப் பிடியைத் திருப்பினார்.

உள்ளங்கைப் பக்கம் சிவப்பு அப்பியிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் பள்ளத்திலும் சிவப்பு. மோதிர விரல் பள்ளமும் சுண்டு விரல் பள்ளமும் வார்த்த அன்று இருந்தபடியே சுத்தமாக இருந்தன.

அண்ணி நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தார். “இந்த ரெண்டு விரலையும் மடக்குங்க.”

அண்ணன் மடக்கவில்லை. மடக்க முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“நரம்பு அடிபட்டிருக்காம்” என்றான் தரையைப் பார்த்து. “அன்னிக்கே டாக்டர் சொன்னார். வந்தாலும் வருமாம், வராமலும் போகுமாம். விரலு மடங்காதவன் கையில எவன் கத்தியக் குடுப்பான்? அதான் சொல்லல.”

“எங்கிட்டயுமா?”

“உங்கிட்டச் சொன்னா நீ என்னைப் பாவம்னு பார்ப்ப.”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை நாள் பூசி மெழுகியிருக்கிறானே! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

“தினம் பல்லே இல்லாதவங்களுக்குத்தான் வேலை செய்றேன். ஒருத்தரையும் நான் பாவம்னு பார்த்ததில்ல. வாய் எப்படி இருக்குன்னு பார்ப்பேன், அதுக்குத் தகுந்த மாதிரி செய்வேன். நீங்க என்னடான்னா இன்னொரு கையால அமுக்கிப் பிடிச்சு, இல்லாத ஒரு கைய எனக்குக் காட்டியிருக்கீங்க. நானும் அதுக்கு ரேகையோட பிடி செஞ்சு வெச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. உலை மூட்டாமல், அந்த விரிசல் விட்ட பழைய கத்தியைத் தண்டவாளத்தில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அது துண்டு துண்டாக உடையும்வரை அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் பூசணிக்காய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை; அவனுடைய சிவந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

அடுத்த வாரம் முழுக்கக் கூடத்திலிருந்து வந்ததும் அண்ணிக்கு இதே வேலை. மெழுகில் மறுபடி அச்சு எடுத்தார், இந்தத் தடவை இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பிடியின் பின்பாதியை அறுத்தெடுத்து, மூன்று விரல் பிடித்தாலே நழுவாதபடி உள்ளங்கைக்குள் ஒரு மேடு வைத்தார். மடங்காத இரண்டு விரலும் நீட்டியபடி சாய்ந்துகொள்ள ஒரு சரிவு. அலகின் நுனியைச் சாணை பிடித்துப் பிடித்துக் கனத்தைக் குறைத்தார். இப்போது ஆள்காட்டி விரல் மேல் வைத்தால் கத்தி தராசுபோல நின்றது. வீட்டில் ‘அருமை’ என்ற வார்த்தைக்குத் தடை. குறை சொன்னால்தான் அண்ணனுக்குச் சோறு. முதலில் திக்கித் திணறினான். பிறகு பழகிக்கொண்டான், ஒரு கட்டத்தில் குழம்பிலும் குறை சொல்ல ஆரம்பித்தான், அதற்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாசக் கடைசியில் வெட்டிக் காட்டும் நாள் வந்தது. அண்ணியும் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனோம். கேன்டீனில் பரிமாறும் மேசைக்கு இந்தப் பக்கம் எங்களை நிற்கச் சொன்னார்கள். அண்ணி கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அண்ணன் துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்ததும், ரோஜா நிறப் பிடியைப் பார்த்துச் சமையல்காரர்கள் எல்லோரும் ஹோவென்று சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

“சார், வெட்டுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்” என்றான் அண்ணன். “இந்த ரெண்டு விரலும் வேலை செய்யாது. இனிமே செய்யுமான்னும் தெரியாது.”

சிரிப்பு நின்றது. “அப்புறம் எப்படிய்யா வெட்டுவ?” என்றார் மேனேஜர்.

அண்ணன் கட்டைக்கு முன்னால் போய் நின்றான். ஒரு கூடை எலும்பு. டக், டக், டக் என்று ஒரே சீராகப் போட்டான். கத்தி நழுவவில்லை, திரும்பவில்லை. பாதிக் கூடையில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். மறுபடி எடுத்தான். கூடை காலியானதும் மேனேஜர் ஒரு துண்டை எடுத்து வெட்டு வாயைத் தடவிப் பார்த்தார்.

“முழு நாள் தாங்காது, பார்த்தாலே தெரியுது. காலை வேலை நீ பாரு, மத்தியானம் அந்த ஆள் பார்க்கட்டும். கட்டை உன்னோடதுதான்” என்றார். பிறகு பிடியைக் காட்டி, “கத்தி எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

அண்ணன் எங்கள் பக்கம் பார்த்தான். அண்ணி முகத்தைத்தான் பார்த்தான்.

“நடுவிரலுக்குக் கீழ இன்னும் குத்துது சார்.”

அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் கைப்பையைத் திறந்து சின்ன அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் மேசையைச் சுற்றிச் சமையல்கட்டுக்குள் போனார்.

“எங்க, கையக் காட்டுங்க” என்றார்.

அண்ணன் எல்லோர் முன்னாலும் வலது கையை நீட்டினான்.