ஐயா வீட்டிலும் தண்ணீர் வந்தது

டென்மார்க்கின் இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில், ஒருநாள் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்து நின்றவர் எங்கள் தெருமுனை சர்ச்சின் போதகர், கிர்ஸ்டன் என்ற பெண்மணி. அவர் கூடையில் உருளைக்கிழங்கு, நாய்த் தீனி, கூடவே சில பீர் கேன்கள். "ஹாய்" என்று சிரித்தார். பீர் வாங்கியது அவர், திருடி மாதிரி முழித்தது நான். ஏனென்றால் என் கூடையில் ஒரு ஜோடி கண்ணாடிக் கம்மல் இருந்தது. அதை முட்டைக்கோஸுக்கு அடியில் தள்ளி மறைத்தேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். சென்னையை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் சபையில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் வராது.

எங்கள் சபை என்பது ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட கூடம். அதன் பாஸ்டரை எல்லாரும் 'ஐயா' என்போம். ஐயாவின் கணக்கில் கம்மல் பாவம், பூ பாவம், சினிமா பாவம். அவருடைய மச்சினனுக்கு என்னைப் பெண் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் விடப் பெரிய பாவம் அதுதான். அந்த வருடம் வந்த பெருவெள்ளத்தில் முடிச்சூரே ஏரியானது. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நானும் அம்மாவும் சேறு வாரி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஐயா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். வேதத்தில் ஆகான் என்று ஒருவன் வருவான். அவன் திருடி ஒளித்த பொருளால் ஒரு ஜனமே தோற்றுப்போகும். "அந்த ஆகான் இங்கயே கீறான். கீழ்ப்படியாத பொண்ணு இருக்கிற வூட்ல தண்ணி வராம இன்னா வரும்?" என்றார். நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும்வரை எனக்கும் அம்மாவுக்கும், அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்து கிடையாது என்று அறிவித்தார். அம்மா பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐயா வீட்டிலும் அதே இடுப்பளவு தண்ணீர்தான். அது யார் பாவத்தால் வந்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, வாய்தான் வரவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது பயமும் என்னோடு விமானம் ஏறியது. காய்ச்சல் வந்தால் தண்டனை என்று நினைப்பேன். பனியில் சைக்கிள் சறுக்கினால் கர்த்தரின் கை என்று நடுங்குவேன். அந்த நடுக்கத்துக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு சுகம் இருந்தது. சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் ஐயாவை மனதுக்குள் எழுப்பி நிறுத்துவேன். நான் கேள்வி கேட்பேன், அவர் திருதிருவென்று முழிப்பார். சில நாள் அவரை அழவும் வைத்திருக்கிறேன்.

பயம் தாங்காமல் ஒருநாள் கிர்ஸ்டனிடம் போனேன். "நான் சபை முன்னால் நிற்க வேண்டியவள். எப்போது நிற்கட்டும்?" என்று உடைந்த டேனிஷில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வருகிற ஞாயிறே நில்லுங்கள்! வேதபாடம் வாசிக்க ஆளே கிடைப்பதில்லை" என்றார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஞாயிறன்று எழுந்து நின்று, தப்பும் தவறுமாக வாசித்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இருமினார். எனக்குக் கிடைத்த தீர்ப்பு அவ்வளவுதான். பிறகு எல்லாரோடும் முழங்கால் போட்டேன். நான் யார், என்ன செய்தேன் என்று எதையும் கேட்காமல் கிர்ஸ்டன் அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். என் பாவத்தின் தண்டனையை இயேசு சிலுவையிலேயே வாங்கிக்கொண்டார் என்று சிறு வயதிலிருந்து பாடியவள் நான். அப்படியானால், வெள்ளத்தை அனுப்பி மறுபடியும் வசூலிக்க அவர் என்ன கந்துவட்டிக்காரரா? அங்கேயே விம்மி அழுதேன். அன்றோடு பயம் போயிற்று. கோபம் போகவில்லை. பயம் காலி செய்த இடத்தையும் கோபமே எடுத்துக்கொண்டது என்பதுதான் உண்மை.

போன வருடம் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று முடிவானது. போனில் அழுதாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ திருவிருந்து எடுத்துடணும் ஜெயா. இப்படியே போயிட்டா ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுகினு நிப்பேன்? நீ வந்து ஐயாகிட்ட ஒரு வார்த்தை சாரி சொல்லிடும்மா."

"தாம்பரத்துல சர்ச்சுக்கா பஞ்சம்? வேற சபைக்குப் போலாம்மா."

"சபை மாறுறதும் பாவம்னு ஐயா சொல்லிகீறாரு."

டிக்கெட் போட்டேன். சாரி சொல்வதற்காக அல்ல.

சபையில் இப்போது ஏசி வந்துவிட்டது. காதில் கம்மலோடுதான் போய் உட்கார்ந்தேன். கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்லும் சாட்சி நேரம் வந்ததும் ஐயாவே மைக்கைப் பிடித்தார். "நம்ம சகோதரி ஜெயா ஃபாரின்லருந்து வந்துகீறாங்க. இந்தப் பிள்ளைக்காக எத்தனை வருஷம் முழங்கால்ல நின்னேன் தெரியுமா!" என்று என்னைத் தன் ஜெபத்தின் பலனாக்கிவிட்டு மைக்கை நீட்டினார். சாட்சி சொல்கிறவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் சபை ஸ்தோத்திரம் சொல்லும். அது பழக்கம். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு" என்றேன்.

"ஸ்தோத்திரம்!"

"என் பாவத்தாலதான்னு ஐயா சொன்னாரு."

"ஆமென்!"

"ஐயா வீட்டுலயும் தண்ணி வந்துச்சே. அது யார் பாவம்?"

"அல்லேலூயா!" என்று கூடமே கை தட்டியது.

இத்தனை வருடம் தீட்டிய கத்தி தவிட்டு மூட்டையில் இறங்கிவிட்டது. ஐயாவுக்கு மட்டும் முகம் கறுத்தது. கண்ணைக் காட்டினார், கீபோர்டு சத்தமாக எழும்பியது, மைக் என் கையை விட்டுப் போனது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திருவிருந்துத் தட்டை ஐயாவே வரிசை வரிசையாகக் கொண்டுவருவார். அம்மாவிடம் வந்ததும் வழக்கம்போலத் தட்டை அடுத்தவர் பக்கம் திருப்பினார். அம்மா கையை நீட்டித் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். "உங்க வூட்லயும்தான் தண்ணி வந்துச்சு, இல்லீங்களா ஐயா?" என்று கேட்டாள். சண்டைக்காரக் குரல் இல்லை. இப்போதுதான் ஞாபகம் வந்தவள் மாதிரிக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அப்பத்தையும் கிண்ணத்தையும் தானே எடுத்துக்கொண்டாள். நான் மனதுக்குள் பார்த்த அதே முழி, ஐயாவின் முகத்தில் அப்படியே இருந்தது. வயிறு குளிரப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் தட்டை என்னிடமும் நீட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா, "நீ ஏன் எடுக்கலை?" என்றாள்.

"அந்தக் கையிலருந்து எனக்கு வேணாம்."

"கைதான் அவருது. விருந்து அவருதா?" என்று கேட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நானும் திரும்பி வந்துவிட்டேன். இங்கே சர்ச்சில் முழங்கால் போடும் இடம் அரைவட்டமாக இருக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று கிர்ஸ்டனிடம் கேட்டேன். இங்கே வர முடியாதவர்களுக்கு, செத்தவர்களுக்கு, தூரத்தில் இருப்பவர்களுக்கு என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காலிப் பாதியில் அம்மாவை உட்காரவைத்துக்கொள்கிறேன். அவள் வந்தால் முடிச்சூர்ப் பாயும் வந்துவிடுகிறது, சபையும் வந்துவிடுகிறது. கடைசியில் தட்டை ஏந்திக்கொண்டு ஐயாவும் வந்து நிற்கிறார். போ என்றால் போவதில்லை. கிர்ஸ்டன் அப்பத்தோடு என் எதிரே வரும்போது, அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் கையை நீட்டுகிறேன்.