தாமரையின் விளக்குச் சுவர்

என் தங்கை தாமரை இறப்புச் செய்திகளை வெளியிடும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறாள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், படம், முகவரி, ஊர்வலம் கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் அரைமணி நேரத்துக்குள் ஒரு பக்கத்தில் போட்டு, அதன் இணைப்பையும் ஓர் அறிவிப்புப் படத்தையும் குடும்பத்தாருக்கு அனுப்பிவிடுவாள். அவர்கள் வாட்ஸ்ஆப்பில் பரப்புவார்கள்.

ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு முடித்ததும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பதினாறாம் நாள் அட்டைகளை அச்சடித்து அச்சடித்து, செத்த அன்றே தெரிய வேண்டிய சேதி இரண்டு வாரம் கழித்துப் போகிறதே என்று நினைத்தாள். கணினி வேலையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது அதே தெருவில், புடவைக் கடைக்கு மேலே, சொந்தமாக ஓர் அறை வைத்திருக்கிறாள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்று, மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலைக்குப் போனவள். என் தங்கை இப்படி வந்ததில் எனக்குப் பெருமை. அதை மறைக்கப்போவதில்லை.

அவளுடைய தளம், ஒரே சர்வரில் நூறு இருநூறு தளங்கள் சேர்ந்து குடியிருக்கும் இடத்தில் இருந்தது. இடத்தைக் கொடுத்தவர் அம்பாங்கைச் சேர்ந்த சுகுமாறன். "விபிஎஸ்ஸுக்கு மாறு, தாமரை" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்வரில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து நமக்கே நமக்கென்று கொடுப்பதுதான் விபிஎஸ். அங்கே பக்கத்து வீட்டுத் தொல்லை கிடையாது. ஆனால் பழுது வந்தால் நாமேதான் பார்க்க வேண்டும். தாமரைக்கு அதில்தான் பயம். உண்மையிலேயே தேவையா என்று தெரியாமல் அவள் எதையும் வாங்க மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்தாள். கிள்ளானில் கன்னையா வாத்தியார் காலமாகியிருந்தார். முப்பத்தெட்டு வருடம் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொன்னவர். அவரிடம் படித்தவர்கள் ஜோகூர் பாரு முதல் ஈப்போ வரை இருந்தார்கள். ஊர்வலம் மாலை மூன்றரைக்கு என்று போட்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கு நிறைய பேரு வருவாங்க. அரைமணிக்கு ஒருதடவ, வாத்தியார் பக்கத்த எத்தன பேரு திறந்து வெச்சிருக்காங்கன்னு எழுதிக்கிட்டே வா. மாறணுமா வேண்டாமான்னு அத வெச்சு முடிவு பண்ணலாம்" என்றாள். எனக்கு விடுமுறை நாள். எழுதினேன்.

எட்டு மணிக்கு 210 பேர். எட்டரைக்கு 430. ஒன்பதுக்கு 660. ஒன்பதரைக்கு 900.

9.34-க்கு வாத்தியாரின் மகள் மலர் அழைத்தார். மின்சுடலையில் ஓர் உலை பழுதாம். மாலை நேரம் எதுவும் இல்லை, பகலில் ஒன்றரைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"தாமரை, வண்டி ஒரு மணிக்கே கெளம்புது. உடனே மாத்துமா. எல்லாரும் மூன்றரைன்னு நெனச்சு மெதுவா வருவாங்க. அப்பாகிட்ட படிச்ச பசங்க பாக்காம அப்பாவ எப்படி அனுப்புவேன்?"

தாமரை நேரத்தை மாற்றிச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வாத்தியாரின் படம் மறைந்தது. 'இந்தக் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வரி மட்டும் நின்றது.

என் கைப்பேசியில் பார்த்தேன். அதே வரிதான். பழைய நேரத்தோடு இருந்த அறிவிப்புப் படமோ வாட்ஸ்ஆப்பில் ஓடிக்கொண்டே இருந்தது. 'நேரம் மாறினால் பக்கத்தில் பார்க்கவும்' என்று அதன் கீழே அவளே எழுதியிருந்தாள்.

9.36-க்குச் சுகுமாறனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். இன்னொரு கையால் வெறும் எழுத்தில் ஒரு சின்னப் பக்கத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள்: பெயர், வீட்டு முகவரி, ஒரு மணி. ஆறாவது அழைப்பை அவர் எடுத்தபோது மணி 9.47.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன் லா. உன் தளம்தானே? மத்த தளமெல்லாம் மூச்சு முட்டுச்சு, சிஸ்டமே பூட்டிடுச்சு. நான் அப்பவே சொன்னேன். இப்பவே விபிஎஸ்ஸுக்கு மாத்திடுறேன், அரைமணி வேல."

"மாத்தினா எல்லாருக்கும் உடனே புது இடம் திறக்குமா அண்ணே?"

"சிலருக்கு உடனே. சிலருக்கு நாலு மணி நேரம்கூட ஆகும்."

"நாலு மணி நேரத்துல அவரு சாம்பலாயிடுவாரு."

அழைப்பைத் துண்டிக்காமலே தாமரை என் தாளை இழுத்து எண்களைப் பார்த்தாள். அரைமணிக்குச் சுமார் இருநூற்று முப்பது பேர்தான் புதிதாக வந்திருக்கிறார்கள். அதைச் சர்வர் தாங்கும். ஆனால் எண் ஒருமுறைகூட இறங்கவில்லை, வந்தவர் யாரும் போகவில்லை.

"அக்கா, இவங்க எல்லாம் என்ன பண்றாங்க உள்ளேயே?"

சொன்னவுடன் அவளுக்கே விளங்கிவிட்டது. பக்கத்தின் அடியில் விளக்குச் சுவர் இருந்தது. துக்கத்துக்கு வருகிறவர்களோ வர முடியாதவர்களோ பெயரைக் கொடுத்தால் ஒரு விளக்கு எரியும், பெயர் மேலே வரும். துக்கம் விசாரித்தது குடும்பத்துக்குத் தெரிய வேண்டாமா? அதனால் தன் பெயர் ஏறும்வரை ஒருவரும் பக்கத்தை மூடவில்லை. ஏறிய பிறகு அடுத்து யார் பெயர் வருகிறது என்று பார்த்தார்கள். திறந்திருந்த ஒவ்வொரு கைப்பேசியும் மூன்று நொடிக்கு ஒருமுறை 'புதுப் பெயர் உண்டா?' என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. தொள்ளாயிரம் பேருக்கு, நொடிக்கு முந்நூறு கேள்வி. அந்தச் சுவரை எழுப்பியவள் அவள்தான்.

"அண்ணே, பூட்ட திறங்க. அஞ்சு நிமிஷம் போதும். விளக்குச் சுவர நிறுத்திடுறேன்."

"மறுபடி விழுந்தா என் மத்த கஸ்டமரு என்ன கிழிச்சுடுவாங்க."

"விழுந்தா நீங்களே பூட்டிக்குங்க."

மலர் இன்னொரு அழைப்பில் காத்திருந்தார். தாமரை விஷயத்தைச் சொன்னாள்.

"பேரையெல்லாம் எடுக்கப் போறியா? எண்ணூறு பேருக்கு மேல போட்டிருக்காங்க. நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

"பேரு உள்ள பத்திரமா இருக்குக்கா. ராத்திரி திருப்பித் தரேன். இப்ப பேரு வேணுமா, ஆளு வேணுமா?"

"ஆளு" என்றார் மலர்.

9.53-க்குப் பூட்டுத் திறந்தது. தாமரை முதலில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கோப்பினை முடக்கினாள். பிறகு சின்னப் பக்கத்தை ஏற்றினாள். நான் என் கைப்பேசியில் அழுத்தினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 'ஊர்வலம்: பகல் 1.00' என்று வந்தது. மணி 9.56.

அத்தோடு தீரவில்லை. முன்பே திறந்து வைத்திருந்தவர்களின் திரையில் விளக்குகள் மறைந்தன, பழைய நேரம் மட்டும் அப்படியே இருந்தது. ஏழு பழைய மாணவர் குழுக்களை நடத்துபவர்களின் எண்களை மலர் கொடுத்தார்; அவற்றை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து அழைத்தோம். 'பக்கத்தை மூடித் திறங்கள், நேரம் மாறிவிட்டது.'

நான் அழைத்தவர்களில் ராதாகிருஷ்ணன் என்று ஒருவர். சிரம்பான் பெட்ரோல் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஆன்டி, காலைல ஏழே முக்காலுக்கே நான் விளக்கு ஏத்தினேன். இப்ப பேரக் காணோம். யாரு எடுத்தது?" என்று சண்டைக்கு வந்தார்.

"பேரு எங்கயும் போகாது. நீங்க மொதல்ல வண்டிய எடுங்க. ஒரு மணிக்கு வாத்தியார் கெளம்புறாரு."

"ஐயோ!" என்றார். அதற்குமேல் வண்டிக் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

ஒன்று பத்துக்கு மலர் ஒரு படம் அனுப்பினார். வீட்டுச் சந்து முழுக்கத் தலை. நடுவில் வண்டி நகர முடியாமல் நின்றது. எல்லாரும் வந்துவிடவில்லை. ஈப்போவிலிருந்து வந்த ஒரு வேன் இரண்டரைக்குத்தான் சேர்ந்ததாம். தாமரை அந்த வேனைப் பற்றித்தான் அன்று முழுவதும் பேசினாள்.

இரவு பெயர்களைத் திருப்பிப் போட்டாள். திறக்கும்போது மட்டும் பெயர்களைக் காட்டும்படி சுவரை மாற்றினாள். அடுத்த வாரம் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு பெரிய சாவு. ஆயிரத்து ஐந்நூறு பேர் பார்த்தார்கள். அதே பழைய இடம் அசையாமல் நின்றது. அப்படியானால் விபிஎஸ் வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன்.

தாமரை சுகுமாறனை அழைத்து, "இருக்கிறதுலயே சின்னதா ஒரு விபிஎஸ் குடுங்க அண்ணே" என்றாள்.

அவருக்கே ஆச்சரியம். "அதான் சரியாயிடுச்சே? கூட்டத்த தாங்குதே?"

"தாங்குது. ஆனா நீங்க ஃபோன எடுக்கறதுக்கு பதினோரு நிமிஷம் ஆச்சு. அந்த நேரம் ஈப்போ வேன் எங்க இருந்துச்சோ தெரியல. சாவி என் கையில இருக்கணும். பழுது பாக்க நான் கத்துக்கிறேன்."

மூன்று வாரம் கற்றுக்கொண்டாள். என் முன்னாலேயே இரண்டு முறை கெடுத்து, இரண்டு முறை சரிசெய்தாள். ஆனால் இடம் மாற்ற, ஊர்வலம் எதுவும் இல்லாத நாள் வேண்டும். யாருக்காவது நேரம் மாறி, பாதிப் பேருக்குப் புதுப் பக்கமும் பாதிப் பேருக்குப் பழைய பக்கமும் தெரிந்தால் என்ன ஆவது? தினமும் காலையில் பட்டியலைப் பார்த்தாள். ஷா ஆலாமில் ஒன்று. செந்தூலில் இரண்டு. பந்திங்கில் ஒன்று. பதினேழு நாள் அப்படியே போனது.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு ஊர்வலம் என்று ஒன்றுகூட இல்லை. மதியம் வரை காத்திருந்தோம். கைப்பேசி இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் சாவுச் சேதியோ என்று எடுத்தோம். ஒன்று மின் கட்டணம், இன்னொன்று தவறான எண்.

"அக்கா, ஆரம்பிக்கிறேன்" என்றாள். நான் மணி பார்த்து எழுதினேன்: 2.05.