ஈட்டியா, கருங்காலியா?

ஆலையில் ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருந்தபோதுதான், பேண்டு செட்டில் ஊத கிளாரினெட் வாங்கப் போனேன். ஆலையிலும் செட்டிலும் கூட இருந்த டிரம்ஸ்காரனோடு சின்னசேலத்தில் ரயிலேறி சேலத்தில் இறங்கினேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஈட்டி மரம், மற்றது கருங்காலி. மரம் மாறினால் சத்தம் அப்படி என்ன மாறிவிடும் என்று இரண்டையும் ஊதிப் பார்த்தேன். ஈட்டி கொஞ்சியது. கருங்காலி தெருக்கோடி வரைக்கும் போனது.

“கருங்காலியே குடுங்க.”

நண்பன் முகம் சுளித்தான். “வேலைக்குப் போறவன ஆலை கேட்டாண்ட நின்னுக்கினு கருங்காலின்னு திட்டிட்டு, இங்க வந்து அதையே வாங்கறியா?”

“மரத்து மேல இன்னாடா கோவம்?” எரிச்சலோடு மறுபடி ஊதினேன்.

கொஞ்ச நேரம் கேட்டவன் இறங்கி வந்தான். “சரி, வாங்கு. மரம் கருங்காலியா இருக்கட்டும். ஊதறவன் ஆவாம இருந்தா போதும்.”