குனிந்து போன பெண்

எண்பதுகளின் நடுவில், கப்பலில் வேலை செய்த அயல்வீட்டு அண்ணை இந்தோனேசியாவில் கலியாணம் முடித்து, மனைவியைப் புங்குடுதீவுக்குக் கூட்டிவந்தார். உருண்டை முகம், சேலைக்குப் பழகாத நடை. யாராவது இருந்தால் அவர்களைக் கடக்கும்போது இடுப்பை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டிக்கொண்டுதான் போவா.

எங்கள் ஊரில் அப்படிக் குனிய வைக்கப்பட்டவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அவ முதல்முறை வந்தபோது அம்மாவும் கவனித்தா. "அங்கை இவையள் என்ன ஆக்களோ" என்று முணுமுணுத்தபடி குசினிக்குள் போனவ, முற்றத்தோடு நிற்கிறவர்களுக்கென்று ஒதுக்கிய தகரப்பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்தா. அவ சிரித்தபடி வாங்கிக் குடித்தா. எனக்கு முகம் கூசியது.

"ஏன் அக்கா இப்படிக் குனியிறீங்கள்?" என்றேன்.

புருஷனிடம் பழகிய தமிழில் மெல்லச் சொன்னா: "எங்கடை நாட்டிலையும் ஆக்களைப் பிரிப்பினம். சீன ஆக்களைப் பேரையே மாத்தச் சொன்னவை. ஆனா வயசுபோனவைக்கு எல்லாரும் குனிவினம். இஞ்சை ஆருக்குக் குனியிறது?"



வெளிக்கிட்டபோது, முற்றத்தில் வெளுத்த உடுப்பு மூட்டையோடு குந்தியிருந்த, ஊருக்கு உடுப்புத் தோய்க்கிற கட்டாடிக் கிழவரைக் கண்டு அதேபோலக் குனிந்தா. அவர் பதறி எழும்பி, அவவைவிடத் தாழக் குனிந்தார். அவ இன்னும் குனிந்தா.

அந்தக் கிழவருக்கு என் அப்பாவைவிட வயது கூட. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.