நாலரை மணித் தண்ணீர்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு கத்தரிச்செடி மேல் பொறாமை வந்தது. சிரிக்க வேண்டாம். கூடப் பிறந்தவர்கள் இருந்திருந்தால் அவர்கள் மேல் வந்திருக்கும். எனக்கு அப்படி யாரும் இல்லை. வீட்டில் நான், அம்மா, பால்கனியில் இருபத்து மூன்று தொட்டிகள், அவ்வளவுதான்.

தொட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கடையில் வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. பெயிண்ட் டப்பா, கைப்பிடி போன பக்கெட், விரிசல் விட்ட குடம், மீன்காரர் தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டி, சிமெண்ட் சாக்கு. எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த பொருள் எதுவும் குப்பைக்குப் போகாது. ஓட்டை விழாத பொருளுக்கும் அம்மா ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டுவிடுவாள். அம்மா தாமல் என்கிற ஏரிக்கரைக் கிராமத்துக்காரி, விவசாயக் குடும்பம். பிள்ளையார்பாளையத்தில் அந்த மாடி போர்ஷனுக்குக் குடிவந்த நாளிலிருந்து, மிதிக்க ஒரு பிடி மண் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், திரும்பும்போது ஏரி வண்டலை இரண்டு மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மூட்டைக்குள் என்ன என்று கேட்ட கண்டக்டர், மண் என்றதும் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு முறை வந்தார், பிறகு பண்டிகைக்கு வந்தார், பிறகு வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர ஏழே கால் ஆகிவிடும். எனக்குப் பள்ளிக்கூடம் நாலு மணிக்கே விட்டுவிடும். பக்கச் சந்து வழியாக மாடிப்படி ஏறி, கழுத்துக் கயிற்றில் இருக்கும் சாவியால் பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, குரல்கூடக் கொடுக்கக் கூடாது. அம்மாவின் முதல் சட்டம் அது.

அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதைத் தனியாக ஓட்டியவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். பயமாக இருக்கும், பயம் என்று யாரிடமாவது சொல்ல வெட்கமாகவும் இருக்கும். டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, நம் வீட்டில்தான் இல்லை என்று அழுகை வரும்.

இரண்டாவது சட்டம் தண்ணீர். சரியாக நாலரைக்குப் பால்கனிக் கதவைத் திறந்து, இருபத்து மூன்று தொட்டிக்கும் ஒவ்வொரு குவளை ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் வெயிலில் வேர் வெந்துவிடுமாம், பின்னால் ஊற்றினால் செடி கோபித்துக்கொள்ளுமாம். ஒரு செடிக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவேன்.

எதிர்வீட்டு அக்கா அந்த நேரத்தில் வாசற்படியில் ராட்டையை வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பார். நான் பால்கனியில் தலை காட்டியதும் ராட்டையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். மடியில் கிடக்கும் போனை எடுத்து எதையோ அமுக்கி, காதில்கூட வைக்காமல் கீழே போட்டுவிடுவார். ரிப்பேர் போன் போலிருக்கிறது என்று நினைத்தேன். தினமும் இப்படிப் பார்த்தால் செடிக்குக் கண் படாதா என்றும் கவலைப்பட்டேன். ஒரு நாள் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோத்து, அவர் பார்க்கும்படியே கத்தரிச்செடிக் குச்சியில் கட்டினேன். அவர் கோபப்படாமல் சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன் நன்றாகத்தான் இருந்தது. அது அம்மாவுக்குப் போகும் மிஸ்டு கால். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து மணிக்கு டீ குடிக்க விடும்போது லாக்கரைத் திறந்து, அந்த ஒரு மிஸ்டு காலைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு டீ தொண்டையில் இறங்கும். பெண் வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். நாலரை மணித் தண்ணீர் அதற்காகச் செய்த ஏற்பாடு. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்; அம்மா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் நேரே பால்கனிக்குப் போவாள், மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள், அப்புறம்தான் என்னிடம் வருவாள் என்பதுதான். அவளுக்குச் செடி மேல் நிஜமாகவே ஆசை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கத்தரிச்செடியைக் கண்ணு, ராஜாத்தி என்று கொஞ்சுவாள். அதெல்லாம் முன்பு என்னைக் கொஞ்சிய வார்த்தைகள்.

மாசியில் கீரை வந்தது, மிளகாய் பூத்தது. பங்குனி பிறந்து வெயில் ஏறிய வாரத்தில், பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ரோஸ் கலரில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அம்மா வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கத்தரிச்செடி முதல் பூவை விட்டுத் தொலைத்தது. அம்மா பால்கனியில் நின்று எதிர்வீட்டு அக்காவைக் கூவிக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் டப்பாவை நீட்டியதும் தலையைத் தடவினாள். அப்புறம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொத்தமல்லிக்கு நல்ல அளவு என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் என் பரிசின் அடியில் நாலு ஓட்டை, உள்ளே மண்.

அன்று முழுவதும் வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, எல்லாம் காய்ந்து சாகட்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்தேன், தாழ்ப்பாள் போட்டேன், பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. டிவியும் போடாமல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலரை ஆனது, ஐந்தும் ஆகப்போனது. எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்காவின் குரல், பாப்பா பாப்பா என்று. செடி வாடுகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். குரலும் கொடுக்கக் கூடாதே, சட்டம் இருக்கிறதே. பிறகு தட்டல் இடியானது, தாழ்ப்பாள் குலுங்கியது, ஓர் ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. காதில் விரலை விட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு லாக்கரைத் திறந்த அம்மா, மிஸ்டு கால் இல்லாததைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்.

"வெளியில பூட்டு இல்லமா. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்குது. தட்டிக்கினே இருக்கேன், சத்தமே இல்ல."

அம்மா சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். பஸ் ஆறு மணிக்குத்தான், அதுவரை கேட் பாஸ் தர முடியாது என்றிருக்கிறார். அம்மா பாஸ் இல்லாமலே கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, நிறுத்திய முதல் லாரியில் ஏறிவிட்டாள். இங்கே கதவை உடைக்க வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டுமென்று அக்காவின் வீட்டுக்காரர் அவரைத் தேடி சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தாராம்.

அம்மாவின் குரல் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். கம்பெனியின் நீலக் கோட்டோடு நின்றிருந்தாள். தலையெல்லாம் புழுதி. என் இரண்டு தோளையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று பால்கனிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குவளையால் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். பாதித் தண்ணீர் தொட்டிக்கு வெளியே விழுந்தது.

"செடிக்காகத்தான் இப்படி ஓடியாந்தியா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "ஆமா. வேற இன்னாத்துக்கு? வாடிக்கினு இருக்குதுன்னு அக்கா போன் பண்ணாங்க."

நிஜத்தைச் சொல்லியிருந்தால், லாரியில் வரும்போது எதையெல்லாம் நினைத்துப் பயந்தாள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு மறுநாளும் நான் அதே வீட்டில் தனியாக இருந்தாக வேண்டும். இது இன்றைக்கு என் புத்திக்கு எட்டுகிறது. அன்றைக்கு அவளை வெறுத்தேன், நன்றாகவே வெறுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது, போய் உன் கத்தரிச்செடிக்கு ஊட்டு என்றேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கிறது, அம்மா உள்ளே இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "லீவு வுட்டிருக்காங்கமா" என்றாள். நிஜத்தில், பாஸ் இல்லாமல் வெளியே போனவர்களை மறுபடி சேர்ப்பதில்லை என்று காலையிலேயே கேட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு முழுப்பரீட்சை முடிந்து லீவு வரப்போகிறது, கம்பெனிக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நம்பினேன். ஒரே ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்ததற்கு இவ்வளவு பலனா என்று எனக்கே ஆச்சரியம்.

அந்தக் கோடையைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. தட்டில் தினமும் கீரை, இல்லாவிட்டால் கத்தரிக்காய். கடைக்குப் போவதே நின்றுபோனது. நம் தோட்டம் இப்படிக் காய்க்கும்போது கடை எதற்கு என்று நான் பெருமையாகப் பள்ளித் தோழிகளிடம் சொன்னேன். கத்தரிச்செடியோடுகூடச் சமாதானம் ஆகிவிட்டேன்.

காலை ஏழரைக்கு அந்த பஸ் தெருமுனையில் வந்து ஹார்ன் அடிக்கும். தொட்டியில் மண் கிளறிக்கொண்டிருக்கும் அம்மா எழுந்து நின்று, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் கிளம்பியதும், உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நான் குதித்துக் கை தட்டுவேன். அம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டுவாள். அவள் தட்டினால் சத்தமே வராது. கையில் ஈரமண் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.