வெயிலில் வைத்த பற்றரிகள்

ஜபார் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகும் அந்த வீட்டில் நிற்காமல் நடந்தது ஒரேயொரு வேலை. பற்றரி சார்ஜ் பண்ணுவது.

கற்பிட்டிப் பக்கத்தில் இரவு வலை போடுகிறவர்கள் வலையின் மிதப்புகளில் சின்ன விளக்குகளைக் கட்டி விடுவார்கள். அவை விட்டு விட்டு மின்னும். வேறு மீன்பிடிப் போட்டுகள் அந்த வெளிச்சத்தைக் கண்டு விலகிப் போகும். விளக்குக்கு விரல் பருமனில் இரண்டு பென்டோர்ச் பற்றரி வேண்டும். எரிந்து முடிந்ததும் எறிகிற பற்றரி வாங்கினால் மீனில் பாதி அதற்கே போய்விடும். கட்டாரில் டிரைவராக இருந்த ஜபார், ஊருக்குத் திரும்பும்போது எட்டுக் குழி உள்ள ஒரு சார்ஜரையும் திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணக்கூடிய பற்றரிகளையும் கொண்டுவந்தார். பக்கத்து வளவு ரிஃபாஸின் போட்டுக்கு அவற்றைக் கொடுத்து வாங்குவது அவருடைய தொழிலானது. பற்றரிகள் இரண்டு கூட்டமாக இருந்தன. ஒன்று கடலில் இருக்கும்போது மற்றது வீட்டில் நிறையும்.

இப்போது அதை அவருடைய மனைவி றம்லா செய்தாள். அவள் இத்தாவில் இருந்தாள், நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, முன்வாசலில் ஒரு திரை. ரிஃபாஸ் காலையில் வந்து திரைக்குக் கீழால் பையைத் தள்ளுவான், பின்னேரம் நிறைந்த பையை எடுத்துக்கொண்டு போவான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவள் அழவில்லை என்பதைக் கவனித்தார்கள். அழுதுவிடச் சொன்னார்கள். அவளுக்கும் அதில் ஆட்சேபனை இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். அது கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பது தெரியாமல் போயிருந்தது. கனமூலையில் கலியாணம் முடித்திருந்த மகள் ஸும்ரா ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள்.

"இத்தா முடிஞ்ச கையோட இங்க வந்திருங்க உம்மா. அறைக்கு வெள்ளையும் அடிச்சாச்சு."

"பார்ப்பம் மகள்."

"என்னத்தப் பார்க்கிற? அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறீங்க?"

"பற்றரி இரிக்குத்தானே."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு விருப்பம் மிஞ்சியிருந்தது. அந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டு மன்னாரிலிருந்து ஒரு பையோடு இறங்கி வந்தபோது அவள் சிறுமி. முகாம், பிறகு இன்னொரு முகாம், பிறகு உறவினர் வீட்டின் ஒரு பக்கம், கடைசியில் இந்த வீடு. இன்னொருவர் தயார்பண்ணி வைத்த அறைக்குள் இன்னொரு தடவை போய் உட்கார அவளுக்கு மனமில்லை. சும்மா இருக்கிற விதவையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வேலை உள்ளவளை விட்டுவிடுவார்கள். அவள் கணக்கு அதுதான்.

பிறகு ஒரு காலையில் ரிஃபாஸ் பையைத் தள்ளிவிட்டுப் போகாமல் நின்றான்.

"ராத்தா, இரிக்கீங்களா?"

"ஓம் தம்பி, சொல்லுங்க."

"உங்கட பற்றரி எங்கட மச்சானவிட மோசம் ராத்தா. வேலைக்கு வருது, விடிய முன்னம் படுத்திருது."

திரைக்கு இந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவன் செருமினான்.

"வெளாட்டில்ல. ராவு ஒரு போட்டு வலைக்கு மேலால போயிட்டு. பாதி வலை இல்ல. லைட் ஒண்டும் எரியல்ல."

"இங்க எல்லாம் ஃபுல் எண்டுதானே காட்டிச்சு."

"காட்டும். என்னையும் இஸ்கூல்ல பாஸ் எண்டுதான் எழுதினாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "டவுன்ல ஒரு கடைக்காரர் சார்ஜ் பண்ணித் தாரன் எண்டு சொல்றாரு. ஜபார் நானாட முகத்துக்காகத்தான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தன். இந்தக் கிழமை கடைப் பற்றரி போடுறன். ரெண்டு கூட்டமும் உங்ககிட்டயே இரிக்கட்டும். வெள்ளிக்கிழமை கதைப்பம்."

அவன் போன பிறகு அவள் வழக்கப்படி பையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். பற்றரிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாள். கருவாடு காயும் தகரத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கி அவற்றை வரிசையாக வைத்தாள். அவை உச்சி வெயிலில் காயும். பிறகு சூட்டோடு சூடாக எடுத்துச் சார்ஜரில் போடுவாள்.

ஜபார் இப்படிச் செய்ததில்லை. துடைத்துப் போடுவதோடு சரி. வெயிலில் வைப்பது அவளுடைய கை தானாகச் செய்தது. முகாமில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஊர்ச் செய்தி கேட்க இருந்தது ஒரு ரேடியோ, பற்றரி வாங்க வழியில்லை. செத்த பற்றரிகளைக் கிடுகுக் கூரையில் காய வைப்பார்கள். மாலையில் அவை ஒரு செய்திக்குப் போதுமான உயிரோடு இறங்கி வரும். வெயிலுக்குப் பற்றரியில் ஏதோ அதிகாரம் உண்டு என்பதை அவள் யோசித்து அறிந்ததில்லை, கண்ணால் கண்டிருக்கிறாள். இங்கேயும் அதற்கு அத்தாட்சி கிடைத்தது. வெயில் காய்ந்த பற்றரிகள் சார்ஜரில் சீக்கிரமே ஃபுல் என்று காட்டின. பாதி வேலையை வெயில் முடித்துத் தருகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். தவறான எண்ணம் தனக்கு வேண்டிய சான்றைத் தானே தேடிக்கொள்கிறது. படித்தவர்களிடமும் இதைப் பார்க்கலாம்.

ஸும்ரா அடுத்த நாள் வந்தாள். உம்மாவின் உடுப்புகளில் எதையெதைக் கனமூலைக்கு எடுத்துப் போகலாம் என்று பார்க்கத்தான் வந்தாள். பின்வளவில் தகரத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"என்ன உம்மா இது, பற்றரியில கருவாடா?"

"காயட்டும் எண்டு வெச்சன்."

ஸும்ரா ஒன்றை எடுத்தாள், உடனே கீழே போட்டு விரலை வாயில் வைத்தாள். "அல்லாஹ்! அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுடுது. இதையா அப்பிடியே சார்ஜர்ல போடுறீங்க?"

"ஓம். வெயில்ல வெச்சாச் சீக்கிரம் நெறையும்."

"நெறையுதா, நெறைஞ்ச மாதிரி நடிக்குதா?"

இதைப் பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டபின் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போய் ஸும்ரா சார்ஜரின் முகப்பில் இருந்த ஆங்கிலச் சொற்களை வாசித்தாள். றம்லாவுக்குத் தெரிந்தது முதல் பட்டன் மட்டும், அது நிறைப்பது. அடுத்தது பற்றரியை வெறுமையாக்குவது. மூன்றாவது வெறுமையாக்கி நிறைத்து, மறுபடி வெறுமையாக்கி நிறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பார்ப்பது. கடைசியானது சோதனை: நிறைத்துவிட்டு, எவ்வளவு மின்சாரம் வெளியே வருகிறது என்று அளந்து காட்டும்.

டிவி ரிமோட்டில் கிடந்த இரண்டையும் கழற்றினார்கள். அவையும் கட்டாரில் இருந்து அதே பெட்டியில் வந்தவை, ஆனால் வெயிலைக் கண்டதில்லை. தகரத்தில் இருந்து இரண்டை எடுத்து ஆறவிட்டு, நான்கையும் சோதனையில் போட்டார்கள். அன்று முழுவதும் இலக்கங்கள் மெல்ல ஏறின. ஸும்ரா சமைத்தாள், குளித்தாள், கணவனோடு போனில் சண்டை போட்டாள். றம்லா சார்ஜருக்கு முன்னால் இருந்தாள். காத்திருப்பது அவளுக்கு இப்போது சிரமமான காரியம் அல்ல.

முடிவு வந்தபோது ரிமோட்டில் இருந்தவை நல்ல இலக்கம் காட்டின. வெயிலில் கிடந்தவை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நிறைந்துவரும் பற்றரி சூடேறும். வெயிலில் சூடாகி உள்ளே போனதையும் அந்தச் சூடு என்று எண்ணிச் சார்ஜர் நிறுத்தியிருக்கிறது. தவிர, வெயில் பற்றரிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருந்தது. ஃபுல் என்ற சொல் பொய்யல்ல. இனி ஏற்றமாட்டேன் என்பதுதான் அதன் பொருள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்ட பெண்களுக்கு அவளும் ஓம் என்றே சொல்லிவந்தாள்.

"அப்ப முடிஞ்சுதானே உம்மா," என்றாள் ஸும்ரா. குரலில் வெற்றி இல்லை, பாவம் பார்த்தாள். "ரிஃபாஸ் மாமாவுக்குச் சொல்லிட்டு விட்டிருங்க. நானும் எத்தன தரம் சொல்றது."

"வெள்ளிக்கெழமை மட்டும் டைம் இரிக்கு."

மகள் போன பின் அவள் மூன்றாவது பட்டனை அழுத்தினாள். எட்டெட்டாகப் போட்டாள். ஒரு தொகுதி முடிய ஒரு பகலும் ஓர் இரவும் போனது. இடையில் ஒருதரம் கரண்ட் நின்றது. சார்ஜர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது, அவள் முதலில் இருந்து தொடங்கினாள். கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. முடிந்த பற்றரிகளை இலக்கம் பார்த்து இரண்டாகப் பிரித்தாள். நல்லவை அரிசிச் சுளகில், தேறாதவை ஓட்டைச் சட்டியில். சுளகில் ஒரு கூட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரிஃபாஸ் வந்தான்.

"ராத்தா, அந்தக் கடைக்காரர் பற்றரி பழசாகியிரிக்கும் எண்டு சொல்றாரு. நானும் அப்பிடித்தான் நெனைக்கிறன்."

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டிருக்கலாம். பழசாகிவிட்டது என்றால் குற்றம் ஒருவர் மேலும் இல்லை.

"பழசில்ல தம்பி. நான்தான் வெயில்ல காய வெச்சுக் கெடுத்தன். உங்கட வலை அதாலதான் போச்சு."

இதை நேர்மை என்று சொல்லலாம். ஆனால் பொய்யை ஜோடிக்கவும் ஓர் அக்கறை வேண்டும். அந்த நாட்களில் அது அவளிடம் இருக்கவில்லை.

வெளியே அவனுடைய செருப்பு திரைக்குக் கிட்ட வந்தது.

"வெயில்லயா?"

"தகரத்துல. கருவாட்டோட."

"மஞ்சளும் உப்பும் தடவினீங்களா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தானே சிரித்தான், சிரிப்புப் பாதியில் நின்றது. "என்ட வலை ராத்தா."

"தெரியும். கொஞ்சத்தைச் சரிப்படுத்தி வெச்சிரிக்கன். எத்தன தேறும், எத்தன தேறாது எண்டு பார்த்துத்தான் எடுத்தன். இண்டைக்குக் கொண்டு போங்க. விடியுமட்டும் எரியல்ல எண்டா அந்தக் கடைக்காரர்கிட்டக் குடுங்க. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

திரைக்குக் கீழே ஒரு கை வந்து பையை எடுத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் போட்டுகள் கரையேறிய பிறகு பை திரைக்குக் கீழால் உள்ளே வந்தது. ஈரமாக இருந்தது.

"எரிஞ்சிச்சு ராத்தா. வலை வளைக்கக்குள்ளயும் மின்னிட்டுத்தான் கெடந்திச்சு."

"ம்."

"ஒரு கூட்டந்தானே இரிக்கு, அதால ஒருநாள் விட்டு ஒருநாள் தாங்க. மத்த நாளைக்குக் கடைப் பற்றரி போடுறன். பொறகு புதுசு வாங்கினாப் பார்ப்பம்." போகப் புறப்பட்டவன் திரும்பி வந்தான். "தகரத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க, என்ன?"

முன்பிருந்ததில் பாதி வேலை. பாதி வேலை உள்ளவளைக் கூட்டிக்கொண்டு போவார்களா, விட்டுவிடுவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸும்ராவுக்குப் போன் எடுத்தாள்.

"மகள், அந்த அறைய உங்கட மாமிக்குக் குடுங்க. நான் வரல்ல."

"ரிஃபாஸ் மாமா வேலை தந்துட்டாரா?"

"பாதி."

"பாதியை வெச்சிட்டா தனிய இருக்கப் போறீங்க?"

"ஓம்."

மறுமுனையில் ஸும்ரா பெருமூச்சு விட்டாள். பிறகு, நோன்புக்காவது வருவீர்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் வருவதும் இருந்தது, திரும்பிப் போவதும் இருந்தது. றம்லா அதைக் கவனித்தாள்.

"நோன்புக்கு வாரன்," என்றாள்.

போனை வைத்த பின் தனக்குச் சந்தோசமாக இருக்கிறதா என்று ஒருகணம் பார்த்தாள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பற்றரிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அடுப்படியின் சீமெந்துத் தரையில் நிழலில் பரப்பிவிட்டு, அவை ஈரம் உலரும்வரை பக்கத்தில் உட்கார்ந்தாள்.