இரண்டு பேர் சங்கம்

எனக்கெல்லாம் எழுதத் தகுதியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தனிச் சங்கம் தொடங்கவென்று, லண்டனில் இருக்கும் பழைய மாணவர்களை ஸ்ட்ரெதம் மண்டபத்துக்கு அழைத்தவர் ஒரு பஸ் சாரதி. நரைத்த தாடி; பள்ளி நிறத்தில் டை. போனவன் நான் மட்டுமே. அதுவும், பிரிட்டன் முழுதுக்கும், எல்லாப் பள்ளிகளுக்குமான பெரிய சங்கத்திலேயே சேர்ந்துவிடலாம் என்று சொல்லத்தான்.

“பெரிய சங்கத்தில சேர ஏலாதோ, அண்ணை?”

“சேரலாம் தம்பி. எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேப்பினம். சொன்னா, அது எங்க இருக்கு எண்டுவினம்.”

பேசிக்கொண்டே யாரும் உட்காராத கதிரைகளை நேராக்கினார்.

“சங்கத்துக்கு ரெண்டு பேர் காணும். நான் தலைவர். நீர் கைதட்டும்.”

தட்டினேன். அவர் கண் கலங்கிக் கும்பிட்டார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன்.

மறுநாள் பெரிய சங்கத்தில் சேர்ந்தேன்.